ஏணியின் முதல் படி

1980-களில் தமிழ்நாட்டின் எந்தச் சிறுநகரத்திலும் கடைவீதிக்குப் பின்னால், ஏதாவது ஒரு மாடியிலிருந்து, ஓட்டுக்கூரை மீது மழை பெய்வதுபோல் ஒரு சத்தம் கேட்கும். இருபது முப்பது தட்டச்சுப் பொறிகள் ஒரே நேரத்தில் ஓடும் சத்தம் அது. விடிந்ததும் தொடங்கி இரவு வரை மணிக்கு ஒரு ‘பேட்ச்’ என்று வகுப்புகள் நடக்கும். முதல் சில வாரங்களுக்கு ‘ஏ, எஸ், டி, எஃப்’ தவிர வேறெதுவும் கிடையாது. விசைகளைக் குனிந்து பார்க்கக் கூடாது. எல்லா விரலுக்கும் வேலை கொடுக்க வேண்டும். ஒருபுறம் அச்சான பழைய தாள்கள் கட்டுக்கட்டாக மேசையில் இருக்கும். அவற்றின் மறுபுறத்தில்தான் பயிற்சி. எத்தனை தாள் கெட்டாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கெடுப்பதற்கென்றே வைத்த தாள்கள் அவை.

பிறகு தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வு வரும். பயிலகத்தின் பொறிகளே வண்டியேறித் தேர்வு மையத்துக்குப் போகும். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 30 சொல் அடித்தால் ‘லோயர்’, 45 சொல் அடித்தால் ‘ஹையர்’. இந்தச் சான்றிதழ்கள் கையில் இருந்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதியலாம், அரசுத் தட்டச்சர் பணிக்கு எழுதலாம். ஒன்றும் அமையாவிட்டால் நீதிமன்ற வாசலில் ‘ஜாப் டைப்பிங்’ பலகை மாட்டி உட்காரலாம். மகளை வெளியூர்க் கல்லூரிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்கள்கூட டைப்ரைட்டிங் வகுப்புக்கு அனுப்பின.

தட்டச்சராக அரசு அலுவலகத்தில் சேர்ந்தவர் தட்டச்சராகவே நின்றுவிடவில்லை. கோப்புகளை அடிக்கும்போதே அவற்றைப் படித்தார். எந்த விதியை எங்கே மேற்கோள் காட்டுகிறார்கள், எந்த வாக்கியம் மனுவை நகர்த்துகிறது, எது அதைத் திருப்பியனுப்புகிறது என்பதெல்லாம் விரல் வழியாக மனத்தில் ஏறியது. சில ஆண்டுகளில் உதவியாளரானார், பிறகு கண்காணிப்பாளரானார். விரலின் வேகத்துக்காகச் சம்பளம் கொடுத்த அலுவலகம், தான் திட்டமிடாமலேயே ஒரு நிர்வாகியை வளர்த்துக்கொண்டிருந்தது.

எதிர்காலத்து வேலைகளைப் பற்றிய விவாதங்களில் எந்த வேலை போகும், எந்த வேலை வரும் என்ற கேள்வியே எப்போதும் முன்னால் நிற்கிறது. அதைவிட அடிப்படையான ஒரு கேள்வி இருக்கிறது: அனுபவம் இல்லாத ஒருவர் ஒரு தொழிலுக்குள் நுழைந்து அதைக் கற்றுக்கொள்ளும் இடத்துக்கு என்ன ஆகிறது? தொழில்நுட்பம் இதுவரை பல படிகளை மாற்றியமைத்திருக்கிறது. இப்போது அது கைவைத்திருப்பது முதல் படியில்.

பலகை மாறிய கடை

தட்டச்சின் கதையைப் பின்தொடர்ந்தால் தொழில்கள் எப்படி மாறுகின்றன என்பது துலங்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிப்போன ஆர். முத்தையா, கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கான விசைப்பலகையை வடிவமைத்தார். இருநூற்றுக்கும் மேற்பட்ட எழுத்து வடிவங்களை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்குவது எளிதான காரியம் அன்று. 1955-இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப் பொறிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு இந்தப் பொறி இல்லாத அலுவலகம் அலுவலகமாகவே கருதப்படவில்லை.

கணினி வந்ததும் தட்டச்சர் ஒரே நாளில் மறையவில்லை. 1990-களில் ‘ஜாப் டைப்பிங்’ பலகை இருந்த கடையில் ‘டி.டி.பி., ஜெராக்ஸ்’ பலகை ஏறியது. திருமண அழைப்பிதழும் தேர்தல் நோட்டீசும் அங்கே உருவாயின. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2000-க்குப் பிறகு அதே கடை ‘பிரவுசிங் சென்டர்’ ஆனது. இன்று அங்கே சாதிச் சான்றிதழுக்கும் பட்டா மாறுதலுக்கும் விண்ணப்பிக்க வந்தவர்கள் இ-சேவை மையத்தின் வரிசையில் நிற்கிறார்கள். கோத்ரெஜ் 2010-ஐ ஒட்டித் தட்டச்சுப் பொறித் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. கடை நிற்கிறது, விசைப்பலகையும் நிற்கிறது, வேலையின் உள்ளடக்கம் முழுதாக மாறிவிட்டது.

ஒரு தொழில் என்பது பல பணிகளின் கட்டு. இயந்திரம் வரும்போது கட்டு அவிழ்கிறது. சில பணிகள் இயந்திரத்துக்குப் போகின்றன, சில வேறு ஆட்களுக்குப் போகின்றன, சில புதிய பணிகளோடு சேர்ந்து வேறொரு பெயரில் மீண்டும் கட்டப்படுகின்றன. தட்டச்சரின் பணி கணினிக்குப் போய்விட்டதாகச் சொல்கிறோம். உண்மையில் அது எல்லோருக்கும் பங்கிடப்பட்டது. இன்று மாவட்ட ஆட்சியரும் மருத்துவரும் தங்கள் குறிப்பைத் தாங்களே அடிக்கிறார்கள். அந்தப் பங்கீட்டில் காணாமல்போனது ஒன்றுதான்: எதுவும் தெரியாமல் உள்ளே வந்து, அடித்து அடித்தே அலுவலகத்தைக் கற்றுக்கொள்ளும் நாற்காலி.

கணிப்புகள் தவறும் இடம்

இந்தக் கட்டு அவிழும் விதத்தைக் கவனிக்காத கணிப்புகள் தொடர்ந்து தவறியிருக்கின்றன. 2013-இல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஃப்ரேயும் மைக்கேல் ஆஸ்போர்னும் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் தானியங்கிமயத்தின் பேராபத்தில் இருப்பதாக மதிப்பிட்டார்கள். 2016-இல் பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்புக்காகச் செய்யப்பட்ட ஆய்வு தொழில்களை எண்ணாமல் அவற்றுக்குள் இருக்கும் பணிகளை எண்ணியது. அப்போது அந்த அளவு வளர்ந்த நாடுகளில் சராசரியாக 9 சதவீதமாகச் சுருங்கியது. இயந்திரத்தின் திறமையைப் பற்றி இரு ஆய்வுகளுக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எதை எண்ணுவது என்பதில்தான் வேறுபாடு.

செயற்கை நுண்ணறிவின் முன்னோடிகளில் ஒருவரான ஜெஃப்ரி ஹின்டன் 2016-இல், கதிரியக்க நிபுணர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிட வேண்டும், ஐந்தாண்டுகளில் இயந்திரம் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். ஆண்டுகள் ஓடின. எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் படிக்கும் மென்பொருள்கள் உண்மையிலேயே நிறைய வந்துவிட்டன. ஆனாலும் பல நாடுகளில் இன்று கதிரியக்க நிபுணர்களுக்குப் பற்றாக்குறை. படத்தைப் படிப்பது அவர்கள் பணியில் ஒரு பகுதிதான். அறுவைச் சிகிச்சை நிபுணரோடு பேசுவது, எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவுசெய்வது, தவறினால் பொறுப்பேற்பது ஆகியவையும் அந்தக் கட்டில் இருந்தன. ஹின்டன் நிறுத்தச் சொன்னது பயிற்சியை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் பேச்சைக் கேட்டு உலகம் முதல் படியை உடைத்திருந்தால் இன்றைய பற்றாக்குறை பேரிடராகியிருக்கும்.

எதிர்ப்பக்கத்து அச்சத்தையும் வரலாறு முழுதாக மெய்ப்பிக்கவில்லை. 1960-களில் கல்கத்தாவின் இலாகோ ஹவுஸ் கட்டடத்தில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணினியை நிறுவ முயன்றபோது, ஊழியர்கள் கட்டடத்தைக் காவல் காத்து அதைத் தடுத்தார்கள். தானியங்கிமயம் குறித்து வி.எம். தாண்டேகர் தலைமையிலான குழு 1972-இல் அறிக்கை தந்தது. வங்கிகளில் கணினிமயத்துக்கான பாதையை 1984-இல் ரங்கராஜன் குழு வகுத்தது. வேலையிழப்பு வெள்ளம்போல் வரும் என்ற அச்சம் அப்படியே பலிக்கவில்லை. புதிய கிளைகளும் புதிய சேவைகளும் வந்தன. ஆனால் பொதுத்துறை வங்கிகளில் 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். அதன் பிறகு எழுத்தர் பணியிடங்களுக்கான ஆள்சேர்ப்பு பல காலம் மந்தமாகவே இருந்தது. இருந்தவர்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டார்கள். கதவு மெல்லச் சாத்தப்பட்டது வரவிருந்தவர்களுக்கு.

இது ஆழ்ந்து யோசிக்க வேண்டிய இடம். நீக்கப்பட்டவர் போராட முடியும்; அவருக்கு ஒரு பெயர், ஒரு சங்கம், ஒரு வழக்கு உண்டு. சேர்க்கப்படாதவருக்கு எதுவும் கிடையாது. நிரப்பப்படாத இடம் எந்தச் செய்தித்தாளிலும் தலைப்பாவதில்லை.

சுமை விழும் தோள்

இயந்திரத்தின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதற்கு அமெரிக்கத் தொலைபேசித் துறை தெளிவான ஒரு வரலாற்றுச் சான்றைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழைப்புகளை இணைக்கும் ஆபரேட்டர் வேலை அந்நாட்டு இளம்பெண்களின் முக்கிய வேலைகளில் ஒன்று. 1920-க்கும் 1940-க்கும் இடையே ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் நகரம் நகரமாக இதை இயந்திரமயமாக்கியது. ஜேம்ஸ் ஃபைகன்பாமும் டேனியல் கிராஸும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பதிவுகளைக் கொண்டு அந்தப் பெண்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். வேலையில் இருந்த ஆபரேட்டர்கள் அடிபட்டார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தால் அவர்களில் பலர் வேலையிலேயே இல்லை, அல்லது குறைந்த சம்பள வேலைக்கு இறங்கியிருந்தார்கள். ஆனால் அடுத்து வளர்ந்துவந்த இளம்பெண்களின் வேலைவாய்ப்பு மொத்தத்தில் குறையவில்லை. தட்டச்சர், செயலர், உணவகப் பணியாளர் என்று வேறு நுழைவாயில்கள் அவர்களுக்குத் திறந்தன.

பழைய இயந்திரமயத்தின் இலக்கணம் இதுதான்: உள்ளே இருந்தவர் இழந்தார், புதிதாக வந்தவர் வேறு படியில் ஏறினார்.

செயற்கை நுண்ணறிவின் காலத்தில் இந்த இலக்கணம் தலைகீழாகிறதோ என்ற ஐயத்துக்கு இப்போது சான்றுகள் வரத் தொடங்கியுள்ளன. 2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் எரிக் பிரின்யொல்ஃப்ஸன் குழு, அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் ஆய்வை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவின் தாக்கம் மிகுந்த மென்பொருள் எழுதுதல், வாடிக்கையாளர் சேவை போன்ற தொழில்களில் 22 முதல் 25 வயது வரையானவர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதிக்குப் பிறகு ஒப்பீட்டளவில் 13 சதவீதம் சரிந்திருந்தது. அதே தொழில்களில் மூத்தவர்களின் எண்ணிக்கை நிலையாக இருந்தது அல்லது கூடியது. ஒரு நாட்டின் சில ஆண்டுத் தரவு இது. முடிந்த முடிவாக இதைக் கொள்ளக் கூடாது. ஆனால் காரணம் விளங்கக்கூடியது. புத்தகத்திலும் கையேட்டிலும் எழுதப்பட்ட அறிவை இயந்திரம் விழுங்கிவிட்டது. புதிதாகக் கல்லூரி முடித்தவரிடம் இருப்பதும் அந்த அறிவுதான். அனுபவத்தில் மட்டுமே சேரும் எழுதப்படாத அறிவு இன்னும் மூத்தவர்களிடமே இருக்கிறது.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2023 ஆய்வும் இதே திசையைக் காட்டியது. எல்லாத் தொழில் பிரிவுகளிலும் அதிகத் தாக்கத்துக்கு உள்ளாவது எழுத்தர் பணிகளே. அவற்றில் 24 சதவீதப் பணிகள் உயர்ந்த அளவிலும், மேலும் 58 சதவீதப் பணிகள் நடுத்தர அளவிலும் பாதிக்கப்படக்கூடியவை என்று அது கணக்கிட்டது. இந்த வகை வேலைகளில் பெண்கள் அதிகம் என்பதால் அவர்களின் இடமே முதலில் ஆட்டம் காண்கிறது. டைப்ரைட்டிங் வகுப்பு வழியாக அலுவலகத்துக்குள் வந்த நம் ஊர்ப் பெண்களின் பேத்திகள் எந்த வாசல் வழியாக வருவார்கள் என்பது வெறும் பொருளாதாரக் கேள்வி மட்டுமன்று.

சில்லறை வேலையின் விலை

2000 ஜூலையில் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டபோது தமிழ்நாட்டுக்குப் புதிய ஏணி ஒன்று கிடைத்தது. பொறியியல் கல்லூரியின் வளாக நேர்காணலில் தேர்வாகி, சில மாதப் பயிற்சிக்குப் பிறகு ‘பெஞ்ச்’சில் காத்திருந்து, ஒரு புராஜெக்டில் சேரும் இளைஞரின் பாதை இன்று எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்தது. சேர்ந்தவுடன் கிடைப்பவை பெரிய வேலைகள் அல்ல. மற்றவர் எழுதிய நிரலைச் சோதிப்பது, சிறு பிழை திருத்துவது, ‘எல்1 சப்போர்ட்’ என்ற பெயரில் வாடிக்கையாளரின் முதல்நிலைப் புகார்களைக் கவனிப்பது ஆகியவைதான். அலுப்பூட்டும் வேலைகள். ஆனால் பெரிய அமைப்பு எங்கே உடையும் என்பதைக் கற்றுத்தந்தவை அவையே. எல்1-இல் ஆயிரம் புகார் பார்த்தவர்தான் எல்3-இல் ஒரு புகாரைப் பார்த்தவுடன் மூலத்தைப் பிடிக்கிறார்.

இந்தத் துறையின் வணிகக் கணக்கு பிரமிடு வடிவில் அமைந்தது. கீழே குறைந்த சம்பளத்தில் நிறையப் புதியவர்கள், மேலே போகப்போக ஆட்கள் குறைவு. வாடிக்கையாளர் தலைக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு என்று கட்டணம் தந்தார். அந்தக் கட்டணத்துக்குள் புதியவர் கற்றுக்கொள்ளும் செலவும் ஒளிந்திருந்தது. சில்லறை வேலைகளுக்கு ஈடாக நிறுவனங்கள் அனுபவத்தை விளைவித்துக்கொண்டன. பயிற்சிக்கென்று தனியாக யாரும் பெரிய கணக்கு எழுதவில்லை.

இப்போது அந்தச் சில்லறை வேலைகளை இயந்திரம் செய்கிறது. உடனே ஒளிந்திருந்த செலவு வெளியே தெரிகிறது. புதியவரை எடுத்தால் ஈராண்டுக்கு அவருக்குக் கொடுப்பது முழுக்கப் பயிற்சிச் செலவாகத் தோன்றுகிறது. எந்த ஒரு நிறுவனமும், ‘நான் ஏன் செலவழிக்க வேண்டும், பக்கத்து நிறுவனம் பயிற்றுவித்த ஆளை எடுத்துக்கொள்கிறேன்’ என்று நினைப்பது இயல்பு. எல்லா நிறுவனமும் அப்படி நினைத்தால் பத்தாண்டு கழித்துப் பயிற்சி பெற்ற ஆள் எங்கும் இருக்க மாட்டார். விதைநெல்லைக் குத்திச் சமைக்கும் கணக்கு இது.

2023-24 நிதியாண்டில் டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், விப்ரோ ஆகிய மூன்றின் மொத்த ஊழியர் எண்ணிக்கை ஏறத்தாழ 64,000 குறைந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்ததும் வெளிநாட்டுத் தேவை சுருங்கியதும் இதற்குப் பெரிய காரணங்கள். எல்லாப் பழியையும் செயற்கை நுண்ணறிவின் மீது போடுவது நேர்மையாகாது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை ஊழியர்கள். இதைக் காட்டி, ஆபத்து முதல் படிக்கு இல்லை என்று வாதிடலாம். என் பார்வையில் இரண்டும் ஒரே நகர்வு. கீழ்த்தளம் குறுகினால், அந்தத் தளத்தை மேய்த்தவர்களின் தேவையும் குறையும். ஒரு காலத்தில் பாதுகாப்பாக இருந்த ‘மேனேஜர்’ பதவி, தனக்குக் கீழே எத்தனை பேர் என்ற எண்ணிக்கையின் மீதுதான் நின்றது.

ஒரே கருவி, இரண்டு விளைவுகள்

இங்கே முக்கியமான ஒரு மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். இயந்திரமே நல்ல ஆசிரியராக இருக்க முடியாதா?

முடியும். வாடிக்கையாளர் சேவையில் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் படிப்படியாக அறிமுகமானபோது என்ன நடந்தது என்று, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களின் தரவைக் கொண்டு பார்த்த ஆய்வொன்றை பிரின்யொல்ஃப்ஸனும் சக ஆய்வாளர்களும் 2023-இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தீர்த்துவைக்கும் புகார்களின் எண்ணிக்கை சராசரியாகச் சுமார் 14 சதவீதம் கூடியது. புதியவர்களிடமும் குறைந்த திறன் கொண்டவர்களிடமும் அந்த உயர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மூத்தவர்களிடம் பெரிய மாற்றம் இல்லை. மென்பொருள் செயலிழந்த நேரங்களிலும், அதை முன்பு பயன்படுத்திப் பழகியவர்கள் முன்னைவிட நன்றாகவே வேலை செய்தார்கள். சிறந்த ஊழியரின் வழிமுறையை இயந்திரம் புதியவருக்குக் கடத்தியிருந்தது. அங்கே இயந்திரம் பதிலைத் தானே அனுப்பிவிடவில்லை, ஆலோசனை சொன்னது. ஏற்பதும் விடுவதும் மனிதர் கையில் இருந்தது.

போலந்தில் வேறொன்று நடந்தது. பெருங்குடல் உள்நோக்குப் பரிசோதனையில் கட்டிகளை அடையாளம் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்திப் பழகிய மருத்துவர்கள், கருவி இல்லாமல் செய்த பரிசோதனைகளில் கட்டிகளைக் கண்டுபிடித்த விகிதம் சுமார் 28 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாக இறங்கியதாக 2025-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவர்கள் கத்துக்குட்டிகள் அல்லர், அனுபவசாலிகள். கருவி சுட்டிக்காட்டும் என்று கண் காத்திருக்கத் தொடங்கியதும் பார்வை மழுங்கியது. 1983-லேயே பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் இந்த முரணைச் சுட்டினார். வழக்கமான வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும். மனிதருக்கு மிஞ்சுவது இயந்திரம் தவறும்போது தலையிடும் கடினமான வேலை. அந்தத் தலையீட்டுக்கு வேண்டிய திறமையோ வழக்கமான வேலையைச் செய்வதால் வருவது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், இயந்திரம் படியை உடைக்கவும் கூடும், தானே ஒரு படியாக நிற்கவும் கூடும் என்பது தெரிகிறது. எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பது வேலையை நாம் எப்படி அமைக்கிறோம் என்பதே.

மேலே படி இல்லாத வேலைகள்

புதிய வேலைகள் வரும் என்பதில் ஐயமில்லை. 2018-இல் அமெரிக்கர்கள் பார்த்த வேலைகளில் ஏறத்தாழ 60 சதவீதம் 1940-இல் இல்லாத வேலை வகைகள் என்று டேவிட் ஆட்டரும் சக ஆய்வாளர்களும் கணக்கிட்டிருக்கிறார்கள். நம் கவலை அந்த வேலைகளின் எண்ணிக்கையைப் பற்றியதன்று, அவற்றின் உயரத்தைப் பற்றியது.

உணவு கொண்டுசெல்லும் இளைஞரை எடுத்துக்கொள்வோம். 2022-இல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை, 2020-21-இல் நாட்டில் 77 லட்சம் ‘கிக்’ தொழிலாளர்கள் (நிரந்தரப் பணி இல்லாமல் வேலைக்கு வேலை கூலி பெறுபவர்கள்) இருந்ததாகவும் 2029-30-இல் அது 2.35 கோடியாகும் என்றும் மதிப்பிட்டது. இந்த வேலைக்குள் நுழைவது எளிது. ஒரு கைபேசியும் வண்டியும் ஓட்டுநர் உரிமமும் போதும். ஆனால் ஐந்து ஆண்டு ஓட்டி, நகரத்தின் சந்து பொந்தெல்லாம் மனப்பாடமான பிறகும் அவர் நிற்பது முதல் நாள் நின்ற அதே படியில். வேறு நிறுவனத்துக்கு மாறினால் வாடிக்கையாளர்கள் கொடுத்த நட்சத்திரங்கள்கூட உடன் வராது. அனுபவத்துக்கு விலையில்லாத வேலை இது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு கிக் தொழிலாளரை முதன்முறையாக வரையறுத்தது. தமிழ்நாடு அரசு 2023-இல் அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. விபத்துக்கும் நோய்க்கும் காப்பு கிடைப்பது நல்ல தொடக்கம். மேலே ஏற வழி அமைப்பது இன்னும் தொடங்காத வேலை.

இன்னொரு காட்சி திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடியில். சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் 2000-களின் நடுப்பகுதியில் உருவான தேசிக்ரூ நிறுவனம், நகரத்து அலுவலக வேலைகளைக் கிராமத்துக்கே கொண்டுவந்தது. தரவுப் பதிவில் தொடங்கிய இத்தகைய மையங்கள் இன்று செயற்கை நுண்ணறிவுக்கான தரவைத் தயார்செய்கின்றன. படத்தில் வண்டி எது, நடந்துபோகிறவர் யார் என்று கட்டம் போட்டுக் காட்டுவது, இயந்திரம் எழுதியதைச் சரிபார்ப்பது போன்றவை இந்தப் பணிகள். சொந்த ஊரிலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் மாதச் சம்பளம் வாங்கும் பெண்களுக்கு இது பெரிய வாசல். அதைக் குறைத்துச் சொல்வது அறமாகாது. அந்தக் காலத்து டைப்ரைட்டிங் பயிலகத்தின் உண்மையான வாரிசு இதுதான். ஒரே வேறுபாடு, தட்டச்சர் அடித்த கோப்பு அவர் கண்ணெதிரே முடிவாக மாறியது, அதனால் அவர் கற்றார். கட்டம் போடும் பெண்ணின் உழைப்பு எந்தக் காருக்கு, எந்த மருத்துவமனைக்குப் போகிறது என்பதை அவருக்கு யாரும் காட்டுவதில்லை என்றால் வேலை இருக்கும், கல்வி இருக்காது. அதைக் காட்டுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. காட்ட வேண்டும் என்ற எண்ணம்தான் வேண்டும்.

சட்டம் போட்டுக் காத்த படிகள்

முதல் படியைச் சந்தையின் கருணைக்கு விடாத தொழில்கள் சில நம்மிடையே நெடுங்காலமாக இருக்கின்றன. எம்.பி.பி.எஸ். முடித்தவர் ஓராண்டு ‘ஹவுஸ் சர்ஜன்’ ஆக இரவும் பகலும் வார்டில் நின்றாக வேண்டும். பட்டயக் கணக்காளர் ஆக விரும்புபவர் ஆர்ட்டிகிள்ஷிப் முடிக்க வேண்டும். 2023-இன் புதிய திட்டத்தில் அதன் காலம் இரண்டு ஆண்டுகள். வழக்கறிஞர் தொழிலில் சீனியரிடம் ஜூனியராக இருப்பது மரபு. அந்த மரபில் சம்பளமே இல்லாமல் உழைத்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பாதியில் தொழிலை விட்டிருக்கிறார்கள். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி, ஜூனியர்களுக்கு இடத்தைப் பொறுத்து மாதம் 15,000 முதல் 20,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. முதல் படி இருந்தால் மட்டும் போதாது, அதில் நிற்பவருக்குச் சாப்பாடும் வேண்டும் என்பதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டதாகவே இதைப் படிக்கிறேன்.

மற்றத் தொழில்களுக்கும் கருவி இல்லாமல் இல்லை. 1961-இன் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 பேருக்குக் குறையாத நிறுவனங்கள் தம் ஊழியர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்துக்கொள்ள வேண்டும். தொழிற்சாலையில் லேத் பழகும் இளைஞரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட இந்தச் சட்டம், கணினித் திரையின் முன் பழக வேண்டியவர்களையும் இனி முழு மனத்தோடு தழுவ வேண்டும். செலவை நிறுவனமும் அரசும் பகிர வேண்டும். விதைநெல்லைக் காப்பது ஊரின் பொறுப்பு, தனி ஒரு வீட்டின் தலையில் அதைக் கட்ட முடியாது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் நவீன எந்திரங்களோடு தொழில் 4.0 மையங்களாக மாற்றப்பட்டிருப்பதும், 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் திறனை வளர்க்கும் நல்ல முயற்சிகள். திறன் வகுப்பறையில் தொடங்கலாம்; அது தேறுவது உண்மையான வேலையில், உண்மையான தவறுகளுக்கு நடுவில். ஆகவே இந்தத் திட்டங்களின் வெற்றியைச் சான்றிதழ்களால் அளக்காமல், எத்தனை பேர் சம்பளத்தோடு கூடிய ஈராண்டுப் பழகு காலத்தைப் பெற்றார்கள் என்பதால் அளக்க வேண்டும்.

நடுவயதில் படி உடைந்தவர்களையும் மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூர் 2015-இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தைத் தொடங்கி 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சிக்கென 500 வெள்ளி கொடுத்தது. 2024-இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி ஒதுக்கியது. 45 வயதில் ஒருவர் மீண்டும் முதல் படியில் நிற்க நேரிடும், அது அவமானமன்று என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. நம் ஊரில் அந்த மனநிலையே முதலில் வர வேண்டும். ‘இந்த வயசுல போய் என்ன படிப்பு’ என்ற பேச்சு நல்ல மனிதர்கள் பலரை வீட்டுக்குள் முடக்கியிருக்கிறது.

இன்று தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இளைஞருக்கு இவையெல்லாம் தருவது ஒரே ஓர் அறிவுரை. எந்த வேலைக்கு இயந்திரம் வராது என்று தேடிக் களைத்துப்போக வேண்டாம்; எதற்கும் வரும். யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்க முடியும், ஒரு வேலையை முதலிலிருந்து முடிவு வரை எங்கே பார்க்க முடியும், தவறினால் ஏன் தவறியது என்று சொல்லித்தர யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தொடக்கச் சம்பளத்தில் சில ஆயிரம் குறைந்தாலும் அந்த இடமே நல்ல இடம். இயந்திரம் தரும் பதிலை வாங்குவதற்கு முன் தன் பதிலை ஒருமுறை எழுதிப் பார்ப்பவர், பத்து ஆண்டு கழித்து அந்த இயந்திரத்தின் தவறைக் கண்டுபிடிப்பவராக இருப்பார்.

இந்த அறிவுரையை இளைஞர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமாகாது. அந்த மாடி அறையில் பயிலகம் நடத்தியவர், பிள்ளைகள் வருவதற்கு முன்பே ஒருபுறம் அச்சான தாள்களைச் சேர்த்து மேசையில் அடுக்கிவைத்தார். அவர்கள் கெடுப்பார்கள் என்று தெரிந்தேதான் வைத்தார். கெட்ட தாள்களின் விலை என்ன என்று அவர் கணக்குப் பார்த்திருந்தால், பிழையில்லாமல் அடிக்கும் ஒருவரும் அந்த அறையிலிருந்து வெளியே வந்திருக்க மாட்டார். அந்தத் தாள்களை அடுக்கிவைக்கும் பொறுப்பு இப்போது நிறுவனங்களுக்கும் அரசுக்கும் மூத்த தலைமுறைக்கும் வந்திருக்கிறது.